பேண்ட் காயும் வரை ஒரு நாவல்

அந்த மனிதர் நூலக வாசலில் நின்ற கோலத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மேலே புத்தம் புதுப் பனியன், கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. கீழே முழங்கால் வரைக்கும் மஞ்சள் நிற பெர்முடா. பெர்முடா முழுக்கப் பச்சைக் கிளிகள். ஒரு கையில் தண்ணீர் சொட்டும் சாம்பல் நிறப் பேண்ட். இன்னொரு கையில் தண்ணீர் சொட்டும் ஒரு காகிதம். அருவியில் குளித்தும் போகாத நல்லெண்ணெய் காதோரம் வழிந்துகொண்டிருந்தது.

அன்று காலையில் இதே வாசலில்தான் இவர் சட்டையை டக் செய்து, தோல் பை மாட்டி, பளபளவென்று வந்து இறங்கினார். எங்கள் கிளை நூலகத்தை வைத்துக்கொள்வதா, மூடிவிட்டுத் தென்காசியில் இருக்கும் பெரிய நூலகத்தோடு சேர்த்துவிடுவதா என்று பார்க்க வந்த அதிகாரி.

காலையில் அவர் வந்தபோது உள்ளே ஈ காக்கை இல்லை. இப்போது உட்கார இடமில்லை. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, தமிழ்நாட்டில் பாதி மாவட்டத்துத் துணிகள் தொங்கிக்கொண்டிருந்தன. நூலகர் ஜமீலா நாற்காலி மேல் ஏறி நின்று ஒரு குழந்தையின் கவுனைக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாயில் இரண்டு கிளிப் இருந்தன.

அவளும் அவரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். நான் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அடுத்து என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், ஒரு நூலகத்துக்குள் இத்தனை துணி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அவசரப்படாதீர்கள். அவர் அங்கேயே நிற்கட்டும். பேண்ட் எப்படியும் இன்னும் காயவில்லை.

நாற்காலிக்கு வணக்கம்

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்தவர்களுக்காக: என் பெயர் சங்கரன். குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். போன வாரம், பால்கனியில் கொடி கட்டி அதில் பாட்டியையும் சாய்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போன ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதியிருந்தேன். "எங்களைத்தானே எழுதினீர்கள்?" என்று நான்கு குடும்பங்கள் சண்டைக்கு வந்துவிட்டன. நான் எழுதியது ஐந்தாவது குடும்பம். அவர்கள் இன்னும் படிக்கவில்லை போலிருக்கிறது.

சீசன் சமயத்தில் எனக்கு உட்கார நேரம் கிடையாது. சாரல் தொடங்கிவிட்டால் நின்றுகொண்டே தூங்குவேன். "அருவியில தண்ணி விழுதா?" என்று யாராவது போன் செய்தால், தூக்கத்திலேயே "நல்லா விழுது, ரூம் இல்ல" என்று சொல்லிவிடுவேன்.

ஆனால் சீசன் முடிந்த குற்றாலத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அருவி நூலாகிவிடும். அதுவும் போய் வெறும் பாறை. லாட்ஜில் நானும் சாவிகளும் மட்டும் இருப்போம். வருஷத்தில் பெரும்பகுதி இப்படித்தான் போகும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் சும்மா இருக்கும் மாதங்கள் என்னை ஒரு மாதிரி ஆக்கிவிட்டன. ஒருநாள் என் மனைவி சாப்பாடு கொண்டுவந்தபோது, வரவேற்பறையில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்து நான், "வாங்க சார், ஏசியா, நான் ஏசியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நாக்காலிக்கு வணக்கம் சொல்லுத அளவுக்கு முத்திப் போச்சு," என்றாள் அவள். "இங்கன ஒத்தையில உக்காந்திருந்தா வேற என்னத்தையாவது செஞ்சு வப்பிய. அந்த லைப்ரரில போயி உக்காந்து தொலைங்க."

தொலைந்தேன். இன்றுவரை திரும்பி வரவில்லை. நான் படித்ததெல்லாம் அங்கே படித்தது. எழுதக் கற்றதும் அங்கேதான். இது எழுத்துதானா என்று சந்தேகம் உள்ளவர்கள் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதலாம். அவருக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

கல்யாண மண்டபத்துக் காற்று

எங்கள் நூலகம் குற்றாலம் போகும் சாலையில் இருக்கும் ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம். ஜமீலாவுக்கு முன்னால் அங்கே ஒரு பெரியவர் நூலகராக இருந்தார். அமைதி என்றால் அவருக்கு உயிர். அருவியில் வெள்ளம் வந்தால் அந்தச் சத்தம் நூலகம் வரைக்கும் கேட்கும். அவர் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, மலைப் பக்கத்து ஜன்னலைப் பார்த்து "ஷ்ஷ்!" என்பார். சில நாள் சத்தம் குறைந்திருக்கிறது. அன்றைக்கெல்லாம் அவரைக் கையில் பிடிக்க முடியாது.

அவர் காலத்தில்தான் அந்த மின்விசிறிகள் வந்தன. தென்காசிக்காரர் ஒருவர் துபாயில் நன்றாகச் சம்பாதித்து ஊருக்கு வந்து, கல்யாண மண்டபம் கட்டப் போவதாக ராட்சச மின்விசிறிகள் வாங்கினார். மண்டபத்துக்கு இடம் அமையவில்லை. விசிறிகளை வீட்டில் மாட்டினால் வீடு பறந்துவிடும் என்று அவருடைய சம்சாரம் சொல்லிவிட்டாராம். நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டார்.

அவற்றைப் போட்டால் காற்று வராது, புயல் வரும். பேப்பர் படிக்கிறவர்கள் நான்கு மூலையிலும் ஆற்றுக் கல்லை வைத்துக்கொண்டு படிப்பார்கள். நூலகத்தில் புத்தகம் எவ்வளவு உண்டோ கல்லும் அவ்வளவு உண்டு. புதிதாக வருகிறவர்கள் மேஜை மேல் கற்களைப் பார்த்து, இங்கே விவாதம் கடுமையாக நடக்கும் போல என்று பயந்துவிடுவார்கள்.

இன்னொன்று. தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஓடும் அதே மின் இணைப்பில்தான் நூலகமும் இருக்கிறது. ஊரில் கரண்ட் போனாலும் அங்கே போகாது.

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். சீசனில் எங்கள் ஊரில் வெயில் என்பதே கிடையாது. துவைத்த துணி காயாது, நாறும். வருகிறவர்கள் எல்லாரும் குளிக்க வருகிறவர்கள். ஊர் முழுக்க ஈரத்துணி. அத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிற்காத புயல்.

கைலி காய்ந்தது, கதை முடியவில்லை

முதலில் ஈரத்துணியோடு உள்ளே வந்தது மாடசாமி. அருவிக் கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழில். ஆளைக் குப்புறப் போட்டு முதுகில் தாளம் போடுவான். அவன் கை பட்டவர்கள் எழுந்திருக்கும்போது ஒரு சுற்று இளைத்திருப்பார்கள்.

அன்றைக்கு அவனிடம் இருந்த மாற்றுக் கைலியும் நனைந்துவிட்டது. நூலக வாசலில் நின்று ஜமீலாவைக் கூப்பிட்டான்.

"யக்கா, ஒரு அஞ்சு நிமிசம் இந்தக் கைலிய அந்தக் காத்துல காட்டிக்கிடட்டா?"

"இது லைப்ரரிலே. வண்ணான்துறையா?"

"ஒரு ஓரமாத்தான்க்கா."

ஜமீலா யோசித்தாள். விரட்டவும் மனசில்லை, விடவும் வழியில்லை. கடைசியில், "லைப்ரரிக்குள்ள இருக்கணும்னா படிக்கணும். காயுத வரைக்கும் சும்மா பராக்குப் பாத்துட்டு உக்காரப்படாது. சம்மதமா?" என்று ஒரு துப்பறியும் கதையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

கைலி காய்ந்துவிட்டது. கதை முடியவில்லை. மறுநாள் மாடசாமி காய்ந்த கைலியோடு வந்து நின்றான்.

"என்னலே, இன்னிக்கு எதக் காயப்போட?"

"ஒண்ணுமில்லக்கா. அந்தக் கொலையச் செஞ்சது யாருன்னு தெரியணும். தூக்கம் வரமாட்டேங்கு."

அவ்வளவுதான். சேதி பரவியது. சிப்ஸ் கடைப் பெண்கள் வந்தார்கள், ஆட்டோக்காரர்கள் வந்தார்கள், என் லாட்ஜ் விருந்தினர்களை நானே அனுப்பினேன். ஜமீலாவின் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். துணி காயும் வரை படிக்க வேண்டும். போகப் போக அவள் துணியைத் தொட்டுப் பார்த்தே புத்தகத்தை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். துண்டுக்கு வார இதழ். பாலியெஸ்டர் சட்டைக்குக் கவிதை, இரண்டுமே மெல்லிசு. கைலிக்குச் சிறுகதை. பேண்டுக்கு நாவல். ஜீன்ஸ் என்றால் இரண்டு பாகம். புடவை, போர்வைக்கு அனுமதி இல்லை. உள்ளாடைகளுக்குச் சட்டப் புத்தக அலமாரியின் பின்பக்கம், அங்கே யாரும் போவதில்லை.

கேலியாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சீசன் முடிந்து, காய வைக்கத் துணியே இல்லாத நாளிலும் இவர்களில் பலபேர் வந்தார்கள். சீசன் போனால் என்னைப் போலத்தானே அவர்களுக்கும் வேலை இல்லை! எண்ணெய்க்காரன், சிப்ஸ்காரி, ஆட்டோக்காரர் எல்லாரும் வெறும் கையோடு ஊரில் இருப்போம். அந்த மாதங்களில் எங்களுக்குப் போக இருந்த ஒரே இடம் அது.

மாடசாமியால் ஒரு சேதாரம் மட்டும் உண்டு. அவன் விரல் பட்ட பக்கம் எண்ணெய் ஏறிக் கண்ணாடி ஆகிவிடும். அவன் படித்த புத்தகத்தில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே நேரத்தில் படிக்கலாம். வேகமாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு வசதி.

சிக்கனம் வந்தது

பிறகு சிக்கனம் வந்தது. முதலில் புதுப் புத்தகம் வருவது நின்றது. பிறகு பேப்பர்கள் குறைந்தன. பெருக்குகிற அம்மாவை நிறுத்தினார்கள், ஜமீலாவே பெருக்கினாள். அவளும் நிரந்தர ஊழியர் இல்லை. கடைசியாக அந்தச் சேதி வந்தது: ஆள் வராத கிளைகளை மூடி, பெரிய நூலகங்களோடு இணைக்கப் போகிறார்கள். நேரில் பார்த்து முடிவு செய்ய அதிகாரி வருகிறார். எப்போது? சீசனில்.

எங்கள் ஊரில் எல்லா ஆய்வும் சீசனில்தான் நடக்கும். எந்த இலாகாவாக இருந்தாலும் சாரல் விழுந்ததும் அவர்களுக்குத் தென்காசி வட்டாரத்தின் மேல் அக்கறை வந்துவிடும். ஒருமுறை கடல் மீன் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்திலிருந்து குடும்பத்தோடு ஆய்வுக்கு வந்து என் லாட்ஜில் தங்கினார்கள். இங்கே கடலே கிடையாது. ஆனாலும் ஆய்வு சிறப்பாக நடந்தது, ஐந்தருவியில்.

ஜமீலா என்னிடம் ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, என்ன செய்ய? கொடி கட்டித் துணி தொங்குதத அந்த ஆபீசர் பாத்தார்னா அன்னிக்கே பூட்டிருவாவ."

"பயப்படாதே," என்றேன். "ஆய்வெல்லாம் எனக்கு விட்டுரு. லாட்ஜுல வருஷா வருஷம் பாக்கிறேன்."

லாட்ஜ் ஆய்வில் மூன்று விஷயம் முக்கியம். துணி தொங்கக் கூடாது. வாசனை நன்றாக இருக்க வேண்டும். முக்கியமாக, அறைக்குள் ஆள் இருக்கக் கூடாது. ஆள் இருந்தால்தான் குறை கண்ணில் படும்.

அந்த முறைப்படி வேலையைத் தொடங்கினேன். கொடிகளை அவிழ்த்தோம். தரையெல்லாம் பினாயில். அலமாரிக்குள் பாச்சை உருண்டை. மேஜைகளுக்கு என் லாட்ஜ் படுக்கை விரிப்பைச் சலவை மடிப்போடு விரித்தோம். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சின்ன சோப்பு வைக்கலாம் என்றேன். ஜமீலா வேண்டாம் என்றுவிட்டாள்.

அன்றைக்கு யாரும் இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லி அனுப்பினோம்.

"நானுமா அண்ணாச்சி?" என்று மாடசாமி முகத்தைத் தொங்கப் போட்டான்.

"நீ வரவே கூடாது. நீ தொட்டா சுவரே கண்ணாடியாயிரும்."

ஆள் இல்லை

அதிகாரி பஸ்ஸில் வந்தார். அவருடைய ஜீப்புக்கு டீசல் ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டார்களாம். குணத்தில் நல்ல மனிதர். உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினார்.

"ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க."

நான் ஜமீலாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். பார்த்தாயா?

"வாசகர்கள்?" என்றார்.

நானும் ஜமீலாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கேள்வி லாட்ஜ் ஆய்வில் வராது.

"வருவாங்க சார்," என்றேன்.

"எப்போ வருவாங்க?"

நனைந்தால் வருவார்கள் என்று எப்படிச் சொல்வது? ஜமீலா மெல்ல, "சீசன் சார், எல்லாரும் சீசன்ல இருக்காங்க," என்றாள்.

அவர் காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமல் கல்லை வைத்து எழுதினார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? ஒரு கிளைய மூடுறதுன்னா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஆளே இல்லாத இடத்துக்கு எப்படிப் பணம் கேக்க முடியும்? கட்டில் மாதிரி விரிச்சு வேற வச்சிருக்கீங்க."

இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். அந்தக் கட்டடம் மட்டும் லாட்ஜாக இருந்திருந்தால், அந்த ஆய்வில் மாநிலத்திலேயே முதலிடம் எங்களுக்குத்தான்.

அவர் காகிதத்தை மடித்துப் பேண்ட் பைக்குள் வைத்தார். மூன்று மணிக்குத் தென்காசியில் ஒரு கூட்டம் இருப்பதாகச் சொன்னார். வாசல் வரை போனவர் திரும்பி, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"அருவியில தண்ணி விழுதா?"

"நல்லா விழுது, ரூம் இல்ல," என்றேன், பழக்க தோஷத்தில்.

அவர் போனதும் ஜமீலா அலமாரியைத் தடவிக்கொண்டு நின்றாள். "எல்லாத்தையும் லாரில அள்ளிப் போட்டுக் கொண்டு போயிருவாவ, இல்லையா அண்ணாச்சி? எது எங்கன இருக்குன்னு எனக்குக் கண்ண மூடிட்டுத் தெரியும். அங்கன போனா மூட்டையாக் கெடக்கும்."

எனக்கு அழுகை வந்தது. லாட்ஜ் மேனேஜர் அழுதான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனாலும் வந்தது. சீசன் முடிந்த அந்த நீளமான மாதங்கள் கண் முன்னால் வந்தன. நான் திரும்பவும் நாற்காலிக்கு வணக்கம் சொல்லப் போகிறேன்.

அந்த நேரம் பார்த்துச் சாரல் வலுத்தது. ஆய்வு முடிந்தது என்று தெரிந்து வாசலில் ஆட்கள் ஈரத்துணியோடு எட்டிப் பார்த்தார்கள். ஜமீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வாங்க. எல்லாரும் வாங்க. மூடப் போற லைப்ரரிதான! பொடவ, போர்வ எல்லாத்தையும் கொண்டாங்க. கட்டுங்கலே கொடிய!"

குரங்கின் பங்கு

அதே நேரத்தில் அருவிக் கரையில் நடந்ததை மாடசாமி பிறகு சொன்னான்.

அதிகாரி அவனிடம்தான் எண்ணெய் தேய்த்துக்கொண்டார். பர்ஸையும் செருப்பையும் மாடசாமியிடம் கொடுத்தார். சட்டை பேண்டைத் தோல் பைக்குள் வைத்து, பையைப் பாறை மேல் வைத்தார். அதுவரை சரி. ஆனால் அந்தப் பைக்குள் அவர் ஒரு பொட்டலம் நேந்திரங்காய்ச் சிப்ஸும் வாங்கி வைத்திருந்தார்.

குற்றாலத்தில் சிப்ஸையும் பேண்டையும் ஒரே பைக்குள் வைப்பவர் வெளியூர்க்காரர். அது எங்கள் குரங்குகளுக்குத் தெரியும்.

குரங்கு பையைத் திறந்தது. சட்டையை எடுத்து மோந்து பார்த்துவிட்டு அருவியில் போட்டது. அது போனது போனதுதான். பேண்டை எடுத்து உதறியது, அதையும் போட்டது. பேண்ட் மட்டும் ஒரு பாறையில் சிக்கிக்கொண்டது. சிப்ஸை எடுத்துக்கொண்டு பையை மரியாதையாகத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டது.

அருவிக் கரைக் கடைகளில் வாங்க முடிந்தது பனியனும் கிளி போட்ட பெர்முடாவும்தான். பனியனோடாவது சமாளிக்கலாம், கிளியோடு கூட்டத்துக்குப் போக முடியுமா?

"சார், ஒண்ணும் யோசிக்காதிய," என்றானாம் மாடசாமி. "ஊர்ல எல்லாரும் ஒரே எடத்துலதான் காயப் போடுதோம். வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். ஆனா படிக்கணும், அது ஒண்ணுதான் கண்டிசன்."

எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை. ஆய்வு முடிந்த சேதி அவனுக்கு வந்திருந்தது, ஆனால் இவர் யார் என்று தெரியாது.

திரும்பவும் வாசல்

இப்போது அவரை வாசலில் நிற்க வைத்த இடத்துக்கு வந்துவிட்டோம். பாவம், ரொம்ப நேரம் நின்றுவிட்டார்.

எல்லாரும் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். மின்விசிறிகள் மட்டும் சுற்றின. ஜமீலா நாற்காலியிலிருந்து இறங்கினாள். பயத்தில் முகம் வெளுத்திருந்தது. வாயிலிருந்த கிளிப்பை எடுத்தாள். ஆனால் ஈரப் பேண்டைப் பார்த்ததும் அவள் கை தானாக நீண்டு அதைத் தொட்டுப் பார்த்தது.

"டெரிகாட்டன்," என்றாள். "அப்போ நாவல் சார்."

அவர் ஆற்றுக் கல், தொங்கும் சேலைகள், குனிந்து படித்துக்கொண்டிருக்கும் தலைகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேண்டைக் கொடுத்தார். காகிதத்தையும் கொடுத்தார். ஜமீலா அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், கவுனுக்கும் பேண்டுக்கும் நடுவில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். ஒரு துப்பறியும் நாவலை எடுத்துக் கொடுத்து, என் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

கிளிகளோடு உட்கார்ந்தார். முதலில் சும்மா பக்கத்தைத் திருப்பினார். பிறகு சும்மா திருப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தார். எதிரே இருந்த சிப்ஸ் கடைப் பெண் ஒரு பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். பார்க்காமலே எடுத்துத் தின்றார்.

திடீரென்று ஒரு கத்தல்.

"என்னங்க இது? அடுத்த பக்கத்துல கொலைகாரன் பேரு இங்கேயே தெரியுது!"

எல்லாரும் மாடசாமியைப் பார்த்தார்கள். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"நான் முழுசாப் படிச்சுட்டுத்தான் சார் தொட்டேன்."

"ஷ்ஷ்!" என்றாள் ஜமீலா, அதிகாரியைப் பார்த்து. அவர் வாயை மூடிக்கொண்டு, பக்கத்துக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து மறைத்துக்கொண்டு மேலே படித்தார்.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் ஜமீலா பேண்டை மடித்து எடுத்து வந்தாள்.

"சார், காஞ்சிருச்சு. கூட்டத்துக்கு நேரமாச்சே."

"இடுப்புப் பக்கம் பாருங்கம்மா, ஈரமா இருக்கும்."

"இல்ல சார், நல்லாக் காஞ்சிருக்கு."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "இருக்கட்டும்மா. இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும்."

ஜமீலா என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. பேண்டைக் கொண்டுபோய்த் திரும்பவும் கொடியில் போட்டாள்.

நாவலை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். கொடியில் தொங்கிய காகிதத்தை எடுத்துப் பார்த்தார். காலையில் எழுதியதெல்லாம் நீலமாக ஒழுகிப் போயிருந்தது.

"சீசன் இல்லாதப்ப யாரு வருவாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"அப்போதான் சார் நாங்க வருவோம்," என்றேன். மேலே சொல்ல நிறைய இருந்தது, நாற்காலிகளைக் கையால் காட்டினேன். "அந்த நாற்காலி என்னோடது. நீங்க உக்காந்திருந்தது மாடசாமியோடது."

அவர் தலையாட்டிவிட்டு ஜமீலாவிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். கல்லை வைத்துக்கொண்டு புதிதாக எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க நான் எவ்வளவோ முயன்றேன், கையால் மறைத்துக்கொண்டார்.

பக்கெட்

சாவிகளோடு நான் உட்கார்ந்திருந்த ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. இணைப்பு இல்லை, கிளை தொடரலாம். ஜமீலாவும் தொடரலாம். ஆனால் புதுப் புத்தகம் வாங்கப் பணம் கிடையாது. அன்றைக்குச் சிப்ஸ் கடைப் பெண் எல்லாருக்கும் ஓசியில் சிப்ஸ் கொடுத்தாள். குரங்குக்கும் ஒரு பொட்டலம் போனது.

அடுத்த சீசன். நல்ல சாரல். வாசலில் அதே அதிகாரி, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு. சட்டையை டக் செய்திருந்தார். ஆனால் கையில் தோல் பை இல்லை, ஒரு பெரிய பிளாஸ்டிக் பக்கெட் இருந்தது.

"ஆய்வா சார்?" என்றாள் ஜமீலா.

"ஆமாம்மா, ஆய்வுதான்," என்றார், பக்கெட்டைக் காலுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டு.

"ஜீன்ஸ் எத்தன?"

"மூணு."

"ரூல் ரூல்தான் சார். குடும்பத்தோட உக்காந்து படிக்கணும்."

"அதுக்குத்தாம்மா வந்தோம்." அவர் பக்கெட்டுக்குள் கையை விட்டு, ஈரத்துணிகளுக்கு அடியிலிருந்து பாலிதீன் சுற்றிய ஒரு கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். "வீட்டுல இருந்தது கொஞ்சம், கேட்டு வாங்கினது கொஞ்சம். இது மட்டும் நனையல."

ஜமீலா அவிழ்த்தாள். புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அவர் அன்றைக்குப் படித்த அதே துப்பறியும் நாவல். புதுப் பிரதி.

"இத மட்டும் அந்த மாடசாமி கண்ணுல காட்டிராதீங்க," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

மாடசாமி அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான். வாசலோரம் இருந்த குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டுக் கை கழுவ ஆரம்பித்தான். நான் கொடுத்த லாட்ஜ் சோப்பு.